துளி தானே உருண்டைதான்: பொலிமர் மணியும் பெரியம்மாட பூந்திக் கரண்டியும்

போன கிழமை எங்கட பெரியம்மா வீட்டில கோயில் சடங்குக்கு லட்டு புடிக்கிறதுக்காக பூந்தி பொரிச்சாங்க. நான் சும்மா குசினிக் கதவடியில நிண்டு பாத்துக்கிட்டு இரிந்தன். முதல் ஈடு துப்பரவாப் பிழைச்சிட்டு. கடலைமா தண்ணியாப் போயிட்டு, கரண்டிக் கண்ணால இறங்கின சொட்டெல்லாம் எண்ணெயில விழுந்தவுடனே தட்டையாகி ஒண்டோட ஒண்டு ஒட்டி அடை மாதிரி வந்திட்டு. பெரியம்மா ஒரு சத்தமும் போடாம ரெண்டு கை மா அள்ளிப் போட்டுக் கரைச்சா. ரெண்டாம் ஈட்டில எல்லாத்துக்கும் வால், தலைப்பிரட்டை மாதிரி. "மனே, தண்ணி கூடினா தட்டை, மா கூடினா வால், நடுவில ஒரு இடம் இரிக்கு அதைக் கை சொல்லும்" எண்டு சொல்லி கொஞ்சூண்டு தண்ணி தெளிச்சா. மூண்டாம் ஈடு உருண்டு திரண்டு முத்து முத்தா வந்திச்சு.

நான் ஏ.எல் பிள்ளையளுக்கு கெமிஸ்ட்ரி படிப்பிக்கிற ஆள். அண்டைக்கு அந்த அடுப்படியில நிக்கக்குள்ள எனக்கு ஓடினது ஒண்டுதான், இது அப்படியே பொலிமர், அதாவது பிளாஸ்டிக் மாதிரிச் சாமான்ல, மைக்ரோ உருண்டை செய்யிற கதை. ஒரு திரவத்தைச் சின்னச் சின்ன துளியா உடைக்கிறது, அந்தத் துளியச் சூட்டுக்குள்ள விடுறது, அது விழுறதுக்கு முதல் இல்லாட்டி காத்தில பறந்து போற நேரத்துக்குள்ள இறுகி உருண்டையாகிடுது. பூந்திக்கு எண்ணெய், இதுக்குச் சூடான காத்து. பூந்தி அஞ்சு மில்லிமீற்றர், இது ஒரு மைக்ரோனில இரிந்து பத்து இருபது மைக்ரோன் வரைக்கும், மைக்ரோன் எண்டா மில்லிமீற்றர்ட ஆயிரத்தில ஒரு பங்கு. நம்மட தலைமயிர் ஒண்டு சுமாரா 70 மைக்ரோன் தடிப்பு எண்டு வச்சா, ஒரு மைக்ரோன் மணியள் எழுபதை வரிசையா வச்சாத்தான் ஒரு மயிர்த் தடிப்பு வரும்.

இதுல கனபேர் விளங்கிக்கொள்ளாத விசயம் என்னெண்டா, அந்த உருண்டையை மெசின் செய்யிறதில்ல. துளி தானாவே உருண்டைதான். மேற்பரப்பு இழுவிசை எண்டு பள்ளிக்கூடத்தில படிச்சிருப்பீங்க, அது துளியைச் சுத்தி ஒரு தோல் மாதிரி இழுத்துப் புடிச்சிக்கொண்டிருக்கு, துளி சின்னதாகச் சின்னதாக அந்தப் புடி கூடிக்கொண்டே போகும். ஒரு மைக்ரோன் விட்டமுள்ள தண்ணித் துளிக்குள்ள வெளியால இரிக்கிறதை விட ஏறக்குறைய 42 பி.எஸ்.ஐ கூடின அழுத்தம் இரிக்கும், கார் ரயருக்கு அடிக்கிறதே 30 சொச்சம்தான். அவ்வளவு இறுக்கமா நிக்கிற சாமான் உருண்டையா இல்லாம வேற என்னத்தில நிக்கும். ஆகவே உருண்டையை இயற்கை சும்மா தருது, நம்மட வேலை அதை வழியில கெடுக்காம காய வச்சி எடுக்கிறது. நான் இதை எழுதுற நோக்கமே அந்தக் கெடுதல் எங்க எங்க நடக்குது எண்டு சொல்லத்தான்.

முதல்ல துளி. எப்பிடி உடைக்கிறது? வயலுக்கு மருந்து அடிக்கிற மெசினப் பாத்திருப்பீங்க, அம்பாறைப் பக்கம் போனா வரம்பில நாலு பேர் முதுகில ரேங்கோட நிப்பாங்க. அதுல நொசில்ல இரிந்து வாறது ஒரே அளவுத் துளி இல்ல, பெரிசும் சின்னதுமா எல்லாம் கலந்து வரும், சின்னது காத்தோட பக்கத்து வயலுக்குப் போயிடும், பெரிசு இலையில இரிந்து வழிஞ்சிடும். சாதாரண நொசில் போட்டு பொலிமர் கரைசலை அடிச்சாலும் அதே கதைதான், கலவையான உருண்டையள்தான் வரும்.

ஒரே அளவு வேணுமெண்டா வேற வழி இரிக்கு. ஒரு மெல்லிய ஓட்டையால திரவத்தை நூல் மாதிரி பாய விட்டா அது கொஞ்சத் தூரம் போய் தானாவே துளித்துளியா அறுந்திடும், குழாயை மெல்லிசாத் திறந்து விட்டா தண்ணி கீழ போகப்போக சொட்டாகிறதைப் பாருங்க. 1878இல றேலி பிரபு இதுக்குக் கணக்குப் போட்டார், அந்த நூல்ட விட்டத்தைப் போல ஏறக்குறைய 1.89 மடங்கு பெரிய துளியா அறுறதுதான் இயல்பு. ஓட்டையை ஒரு பீசோ கிறிஸ்டலால, அதாவது கரண்டு குடுத்தா நடுங்கிற கிறிஸ்டலால, ஒரே தாளத்தில அதிர வச்சா அறுறதும் ஒரே தாளத்தில அறும், எல்லாத் துளியும் அச்சில வார்த்த மாதிரி. 1973இல பேர்க்லண்டும் லியூவும் இந்த யோசனையில ஒரு கருவி செய்தாங்க, ஏரோசோல், அதாவது காத்தில மிதக்கிற பொடித் துளி, தூசி பத்தி ஆய்வு செய்யிற ஆக்களிட்ட அது இண்டைக்கும் பேர்போன சாமான். ஆனா ஓட்டை அடைச்சா அண்டைய வேலை அவ்வளவுதான், பூந்திக் கரண்டிக் கண் அடைக்கிற மாதிரி.

மூண்டாவது ஒண்டு, மருமகனுக்கு முட்டு வந்தா வீட்டில போடுற நெபுலைசர். அதுல ரெண்டு இனம் இரிக்கு, ஒண்டு காத்து அடிச்சி உடைக்கிறது, மற்றது அல்ட்ராசோனிக். அல்ட்ராசோனிக்கில ஒரு சின்ன வட்டத் தட்டு செக்கனுக்கு 17 லட்சம் தடவை, அதாவது 1.7 மெகாஹேர்ட்சில நடுங்கும், அந்த நடுக்கத்தில தண்ணிட மேற்பரப்பில பொடி அலையள் எழும்பி அலையின்ட முனையள் அறுந்து பறக்கும். அந்த அதிர்வெண்ணில தண்ணிக்குக் கணக்குப் போட்டா துளி சுமாரா 3 மைக்ரோன் வருது. அதிர்வெண்ணக் கூட்டினா துளி சின்னதாகும். மீன் தொட்டிக்குள்ள புகை வர வைக்கிற மிஸ்ட் மேக்கர் எண்டு ஒன்லைன்ல விக்கிறாங்களே, அதுவும் இதேதான். ஆய்வுகூடங்கள்ல பொலிமர் உருண்டை செய்யிறவங்க கனபேர் இந்தத் தட்டைத்தான் பாவிக்கிறாங்க, மலிவு, துளி சின்னது, துளி மெதுவாப் பறக்கும், கீழே சூடான குழாய்க்குள்ள காத்தால தள்ளி விடலாம்.

ஆனா இதுல ஒரு கெடுதல். பொலிமர் எண்டா நீட்டு நீட்டான மூலக்கூறுச் சங்கிலி, கரைசல்ல அது கூடிட்டா ஒண்டோட ஒண்டு பின்னிக்கும். பின்னின கரைசல் துளியா அறாது, நூலா இழுபடும். பெரியம்மாட ரெண்டாம் ஈட்டு வால் இதுதான். இன்னும் கூடிட்டா உருண்டையும் இல்ல ஒண்டுமில்ல, தும்பு முட்டாய் மாதிரி பஞ்சு பஞ்சா வந்து நிக்கும், சிலர் அதை வேணுமெண்டே செய்து துணி மாதிரி எடுக்கிறாங்க, அது வேற தொழில். உருண்டை வேணுமெண்டா கரைசலை நல்லா ஐதாக்கோணும்.

ஐதாக்கினா உருண்டை சின்னதாகும் எண்டதையும் மறக்கக்கூடாது. இதை விளங்க எங்கட கல்லடிக் கடற்கரை ஒண்டே போதும். கடலோட ஒட்டி வீடு கட்டினவங்களைக் கேளுங்க, ஜன்னல் கம்பி ஒரு வருசத்தில செத்திடும், அலை அடிக்கக்குள்ள பறக்கிற பொடித் துளியள் வழியில தண்ணி காஞ்சி உப்பு மணியா வந்து கம்பியில ஒட்டிக்கும். கடல் தண்ணியில லீற்றருக்கு சுமாரா 35 கிராம் உப்பு. 100 மைக்ரோன் துளி ஒண்டு காஞ்சா மிஞ்சிற உப்பு மணி எவ்வளவு பெரிசு? கனபேர் மூண்டு நாலு மைக்ரோன் எண்டு சொல்லுவாங்க, ஏனெண்டா உப்பு நூத்துக்கு மூண்டரைதானே. இல்ல, ஏறக்குறைய 25 மைக்ரோன், அதாவது கால் பங்கு. கனவளவு விட்டத்தின்ட மூண்டாம் அடுக்கில போறதால, சாமானை நூறில் ஒண்டாக் குறைச்சாலும் விட்டம் நாலில ஒண்டு அஞ்சில ஒண்டாத்தான் குறையும். விட்டத்தைப் பத்தில் ஒண்டாக்க வேணுமெண்டா கரைசலை ஆயிரம் மடங்கு ஐதாக்கோணும். 5 மைக்ரோன் துளியில கனவளவுக்கு ஆயிரத்தில ஒரு பங்கு பொலிமர் இரிந்தா அரை மைக்ரோன் மணி. நான் வகுப்பில இந்தக் கணக்கைக் குடுத்தா பாதிப் பேர் கனமூலம் எடுக்க மறந்திடுவாங்க, பரீட்சையிலயும் அப்பிடித்தான்.

இன்னொண்டும் அந்த உப்புல இரிக்கு. உப்பு காஞ்சா பெட்டி பெட்டியா கிறிஸ்டலாகும், உருண்டையா நிக்காது. பொலிமர் சங்கிலியள் சிக்குப்பட்ட நூல் மாதிரி, அதுகளால கெதியில ஒழுங்கா அடுக்குப்பட ஏலாது, அதால துளி எந்த வடிவத்தில இரிந்துதோ அதே வடிவத்தில இறுகிடும். கண்ணாடி மாதிரி இறுகல். பொலிமருக்கும் உருண்டைக்கும் இருக்கிற சொந்தம் அதுதான்.

இனிச் சூடு. கெடுதல் முக்கால்வாசி இங்கதான்.

ஒரு லீற்றர் தண்ணியை 10 மைக்ரோன் துளியா உடைச்சா ஏறக்குறைய ரெண்டு லட்சம் கோடி துளி வரும், அதுகள்ட மேற்பரப்பை எல்லாம் விரிச்சா 600 சதுர மீற்றர், நம்மட கணக்கில 24 பேர்ச்சஸ் காணி. ஒரு போத்தல் தண்ணியை ஒரு வளவு முழுக்கப் பரத்திக் காய வைக்கிற மாதிரி. அதால கண் மூடி முழிக்கிறதுக்குள்ள காஞ்சிடும். விட்டம் பத்து மடங்கு குறைஞ்சா காயிற நேரம் நூறு மடங்கு குறையும். இந்த யோசனை புதுசில்ல, 1872இலயே அமெரிக்காவில சாமுவேல் பேர்சி எண்டவர் திரவத்தைச் சிதறடிச்சிக் காய வைக்கிறதுக்குப் பேட்டன்ட் எடுத்திட்டார், மறுகா அது பால்மாத் தொழிலுக்குப் போய் இண்டைக்கு நாம காலையில ரீயில கரைக்கிற பால்மா வரைக்கும் வந்து நிக்கு. பொலிமர் ஆக்கள் பால்மாக்காரங்கள்ட மெசினைத்தான் கடன் வாங்கிப் பாவிக்கிறாங்க எண்டு சொன்னாலும் பிழையில்ல.

உள்ள போற காத்து 180, 200 டிகிரியா இரிக்கும். பிள்ளையள் கேப்பாங்க, சேர் அவ்வளவு சூட்டில பாலோ மருந்தோ கருகாதா எண்டு. கருகாது, ஏனெண்டா துளி ஈரமா இருக்கிற வரைக்கும் ஆவி போறதே அதைக் குளிர வச்சிக்கொண்டிருக்கும், வெளியில 180 எண்டாலும் துளி 40, 50 டிகிரிக்குக் கிட்டத்தான் நிக்கும். மண்பானையில தண்ணி வெயிலுக்குள்ளயும் குளிரா இரிக்கிறதும் இதாலதான். அதே போல காத்தில ஈரம் குறைவா இரிந்தா இன்னும் நல்லாக் குளிரும், கச்சான் காத்து வீசுற மாசத்தில பானைத் தண்ணி ஐஸ் மாதிரி இரிக்கும், வாடைக் காத்து மழைக் காலத்தில பானை சும்மா பேருக்குத்தான். மெசினுக்கும் அப்பிடியேதான், மழைக்காலத்தில உள்ள இழுக்கிற காத்தை முதல்ல உலர்த்தாட்டி அதே செற்றிங்கில வேற தூள் வரும்.

துளி காஞ்சி முடிஞ்ச கணத்தில ஆவி குடுத்த அந்தக் குளிர்ச்சி இல்லாமப் போகும், மணி சூடேறத் தொடங்கும். அதால வெளியேறுற இடத்துச் சூடுதான் முக்கியம், உள்ள போற சூடு இல்ல. வெளியேறுற காத்து அந்தப் பொலிமர் இளகுற சூட்டை விடக் கூட இரிந்தா மணியள் பிசுபிசுத்து சுவரோட ஒட்டிக்கொள்ளும், ஒண்டோட ஒண்டு குலையா வரும், பெரியம்மாட முதல் ஈட்டு அடை மாதிரி. பொலிஸ்டைரீன் எண்டா 100 டிகிரிக்குக் கிட்ட இளகும், பெர்ஸ்பெக்ஸ் எண்டு சொல்லுற பிஎம்எம்ஏ 105, அதுகளோட பெரிசா மல்லுக்கட்டத் தேவையில்ல. ஊசி மருந்துக்குப் பாவிக்கிற பிஎல்ஜிஏ எண்ட பொலிமர் 45, 55 டிகிரியிலயே இளகும். போதாக்குறைக்கு உள்ளுக்குக் கொஞ்சம் கரைப்பான் மிஞ்சி இரிந்தா இளகுற சூடு இன்னும் கீழ இறங்கிடும். எங்கட ஊர் வெயிலுக்குள்ள பூட்டின வாகனத்தில வச்சா தூள் கட்டியாகிடும். மாம்பழச் சாறை அப்பிடியே ஸ்பிரே பண்ணித் தூளாக்க ஏலாததும் இதாலதான், சீனி கெதியா இளகி ஒட்டும், மோல்ரோடெக்ஸ்ரின் எண்டு மாப்பொருளை உடைச்சி எடுத்த ஒரு பொலிமரைக் கலந்தாத்தான் தூள் தூளா நிக்கும்.

இப்ப நான் சொல்லப் போறதுதான் எனக்கு இந்த விசயத்திலேயே புடிச்ச இடம், நெல்லு காய வைச்ச ஆக்களுக்கு உடனே விளங்கும். அறுவடை முடிஞ்சா அம்பாறை மாவட்டத்தில அரைவாசித் தார் ரோட்டு நெல்லுக் களம்தான், சம்மாந்துறையில இரிந்து அக்கரைப்பற்று வரைக்கும் பஸ் கூட ஒரு பக்கத்தாலதான் போகும். மத்தியான வெயிலுக்குத் தார் கொதிக்கக்குள்ள நெல்லை மெல்லிசாப் பரத்தி கிளறாம விட்டீங்களெண்டா ரெண்டு மணித்தியாலத்தில காஞ்சிடும், ஆனா மில்லுக்குக் கொண்டு போனா குறுணல்தான் கூட வரும், மில்காரன் மூஞ்சியச் சுழிப்பான். ஏன்? வெளித்தோல் முதல்ல காஞ்சி சுருங்கும், உள்ளுக்கு ஈரம் கிடக்கு, உள்ளீரம் வெளிய வர நேரம் காணாது, அந்த இழுபறியில அரிசி உள்ளுக்க வெடிச்சிடும். ஆறுதலா காய வச்சா உள்ளீரம் வெளிய வரவும் வெளி காயவும் சமனாப் போகும்.

துளிக்குள்ளயும் இதே போட்டிதான். தண்ணியோ கரைப்பானோ மேற்பரப்பால ஓடிப் போகுது, துளி சுருங்குது, சுருங்கிற மேற்பரப்பு பொலிமரை வழிச்சிக்கொண்டு உள்ள போகுது, பொலிமர் நடுவுக்குப் பரவி ஓடோணும். பரவுறதுக்கு நேரம் கிடைச்சா எல்லா இடமும் ஒரே மாதிரிச் செறிஞ்சி கடைசியில கட்டியான முழு உருண்டை வரும். ஆவியாகிறது கெதியா நடந்தா பொலிமர் மேற்பரப்பில குவிஞ்சி ஒரு ஓடு கட்டிடும். பொலிமர் பெரிய மூலக்கூறு எண்டதால அது ஆமை வேகத்தில பரவும், அதால ஓடு கட்டுறது உப்புக் கரைசலை விட இதுல சரியான லேசு. இந்த ரெண்டு வேகத்துக்கும் உள்ள விகிதத்துக்கு பெக்லே எண் எண்டு பேர், ஒண்டுக்குக் கீழ எண்டா முழு உருண்டை, ஒண்டை விட நல்லாக் கூடினா ஓடு.

ஓடு கட்டினாப் பிறகு என்ன நடக்கும் எண்டது ஓட்டின்ட கெட்டித்தனத்தைப் பொறுத்தது. கெட்டியா இரிந்தா உள்ளுக்கு வெறுமையான கோது உருண்டை. மெல்லிசா இளக்கமா இரிந்தா உள்ள மிஞ்சின திரவம் போகப் போக ஓடு உள்வாங்கி சப்பிப் போகும், நுணுக்குக்காட்டியில பாத்தா கேக்குக்குப் போடுற பிளம்ஸ் மாதிரி சுருக்கம் சுருக்கமா இரிக்கும். உள்ளுக்குத் திரவம் கொதிக்கிற அளவுக்குச் சூடு ஏறிட்டா ஆவி ஓட்டைப் பிச்சிக்கொண்டு வெளிய வரும், ஒரு ஓட்டையோட மணி. டைகுளோரோமீதேன் மாதிரி 40 டிகிரியில கொதிக்கிற கரைப்பானைப் பாவிச்சிட்டு அவசரத்தில சூட்டைக் கூட்டினவனுக்கு இந்த மூண்டும் ஒரே சட்டியில வரும். பிழை எண்டும் சொல்ல ஏலாது, மூச்சால இழுக்கிற மருந்துக்கு சிலர் வேணுமெண்டே கோது உருண்டை செய்யிறாங்க, வெறுமையா இரிந்தா பாரம் குறைவு, பெரிய மணியும் நெஞ்சின்ட அடி வரைக்கும் பறந்து போகும். ஆனா முழு உருண்டை வேணுமெண்டா நெல்லுக்காரன் சொல்லுறதைக் கேக்கோணும். சூட்டைக் குறை, இல்லாட்டி கரைப்பான்ட ஆவியக் கொஞ்சம் காத்திலேயே கலந்து விடு, அப்ப துளி அவசரப்படாது.

இவ்வளவும் ஏற்கனவே செய்து முடிச்ச பொலிமரைக் கரைச்சிக் காய வைக்கிற கதை. இன்னொரு வழி இரிக்கு, அதுல துளிக்குள்ள பொலிமரே இல்ல, மொனோமர்தான் இரிக்கும், அதாவது சங்கிலியாகச் சேர முதல் இரிக்கிற தனித்தனிச் சின்ன மூலக்கூறு, பறக்கிற வழியிலேயே சூட்டால சங்கிலியாகிப் பொலிமராகோணும். கேக்க நல்லாரிக்கு, செய்யக்குள்ள நேரம் இடிக்கும். ஸ்டைரீன் மாதிரிச் சாமான் பொலிமராக மணித்தியாலக் கணக்கு வேணும், துளி சூடான குழாய்க்குள்ள நிக்கிறதோ சில செக்கன்தான். சூட்டைக் கூட்டி அவசரப்படுத்தினா மொனோமர் பொலிமராகிறதுக்கு முதல் ஆவியாப் பறந்திடும், குழாய்க்கு மற்றப் பக்கத்தில கையில ஒண்டும் மிஞ்சாது. அதால இந்த வழியில போன ஆக்கள் குறுக்கு வழி தேடினாங்க. 1983இல அமெரிக்காவில கிளார்க்சன் பல்கலைக்கழகத்தில பார்ச், மட்டியேவிச் ஆக்கள் ஸ்டைரீன் வகைத் துளியளைக் காத்தில மிதக்க விட்டு அதுக்குள்ள ஒரு அமிலத்தின்ட ஆவியக் கலந்தாங்க, ஆவி துளிய முட்டின உடனே தொடர்தாக்கம் தொடங்கி உருண்டை இறுகிட்டு. மறுகா வந்தவங்க யூவி வெளிச்சத்தைப் பாவிச்சாங்க, பல்லு அடைக்கிற டொக்டர் நீல வெளிச்சம் புடிச்சா அடைச்ச சாமான் செக்கனுக்குள்ள இறுகுதே, அந்த மாதிரி. என்ட அபிப்பிராயம், சூட்டால மட்டும் மொனோமரைப் பறக்கிற வழியில இறுக்கிறது புத்தகத்தில அழகு, தொழில்ல தலைவலி.

அதே ஸ்டைரீன் துளியைக் காத்துக்குப் பதிலா சூடான தண்ணிக்குள்ள கலக்கிக் கலக்கி வச்சா அவசரமே இல்ல, மணித்தியாலக் கணக்கில ஆறுதலா மணியாகும். நம்மட மீன் வாடியில ஐஸ் போட்டு அடுக்கிற ரெஜிபோம் பெட்டி அப்பிடி வந்ததுதான். ஒரு துண்டை உடைச்சிப் பாருங்க, உள்ளுக்கு மணி மணியா இரிக்கும், ஒவ்வொண்டும் ஒரு காலத்தில ஒரு துளி. மணிக்குள்ள பென்டேன் எண்ட லேசில ஆவியாகிற திரவம் கிடக்கும், நீராவி அடிச்சா மணி நாப்பது அம்பது மடங்கு பொங்கி ஒண்டோட ஒண்டு ஒட்டிக்கும், கடைசியில பெட்டியில நூத்துக்கு 98 பங்கு காத்துத்தான்.

சூட்டைத் தலைகீழாவும் பாவிக்கலாம். நெல்லுக்குப் போடுற யூரியா உருண்டையா இரிக்குதே, அது 133 டிகிரியில உருகின யூரியாவை உயரமான கோபுரத்துக்கு மேல இரிந்து சல்லடை மாதிரித் தட்டால மழையாக் கொட்டி, விழுறதுக்குள்ள குளிர வச்சி எடுக்கிறது. 1782இல இங்கிலாந்தில பிரிஸ்டல்ல வில்லியம் வாட்ஸ் எண்டவர் துவக்குக்கு ஈயச் சன்னம் செய்யிறதுக்கு இதே யோசனைக்குத்தான் பேட்டன்ட் எடுத்தார். பொலிமரிலயும் மெழுகு மாதிரி இலகுவா உருகிறதுகளுக்கு இந்த வழி சரி, கரைப்பானும் தேவையில்ல காய வைக்கவும் தேவையில்ல, ஆனா நீட்டுச் சங்கிலிப் பொலிமர் உருகினாலும் பாணி மாதிரித் தடிப்பாத்தான் இரிக்கும், துளியா உடையாது.

காஞ்ச மணியளைப் புடிக்கிறது இன்னொரு வேலை. அரிசி மில் கூரைக்கு மேல தலைகீழாக் கவிழ்த்த கூம்பு ஒண்டு நிக்குமே, தவிட்டுத் தூசியைச் சுழட்டி அடியில விழுத்துற சைக்ளோன், அதேதான் இங்கயும். பெரிய மணி சுழற்சியில சுவரில மோதி கீழ வரும். ரெண்டு மைக்ரோனுக்குக் கீழ போனா சைக்ளோனுக்குப் புடிபடாது, காத்தோட வெளியால போயிடும், 10 மைக்ரோன் துளியே அமந்த காத்தில செக்கனுக்கு 3 மில்லிமீற்றர்தான் இறங்கும் எண்டா ஒரு மைக்ரோன் மணியைப் பத்தி யோசிச்சிப் பாருங்க. அதுகளைப் புடிக்க மின்னேற்றி இழுக்கிற தட்டு இல்லாட்டி பில்டர் போடோணும். அதோட மெல்லிய பொலிமர்த் தூளும் கரைப்பான் ஆவியும் காத்தோட கலந்து கிடந்தா ஒரு பொறி காணும் வெடிக்கிறதுக்கு, அதால அசிட்டோன் மாதிரிக் கரைப்பான் பாவிக்கிற மெசினெல்லாம் காத்துக்குப் பதிலா நைதரசனைத்தான் சுத்திச் சுத்தி ஓட விடும். யாரும் இதை வாசிச்சிட்டு வீட்டில மிஸ்ட் மேக்கருக்குள்ள தின்னர் ஊத்திப் பாக்காதீங்க, உப்புத் தண்ணியோட நிப்பாட்டுங்க.

இவ்வளவு பாடுபட்டு ஆருக்கு வேணும் எண்டு கேட்டா, கனபேருக்கு வேணும். பெயின்ற், பிரிண்டர் டோனர், மூச்சால இழுக்கிற மருந்து, அதுக்கு 1இல இரிந்து 5 மைக்ரோனுக்குள்ள இரிந்தாத்தான் தொண்டையில நிக்காம நெஞ்சுக்குள்ள போகும். புரொஸ்டேட் புற்றுநோய்க்கு மாசத்துக்கு ஒருக்கா ஏத்துற லூப்ரோன் டிப்போ எண்ட ஊசி 1989இல அமெரிக்காவில அனுமதி எடுத்தது, அதுக்குள்ள இரிக்கிறது பிஎல்ஜிஏ வகை மணியள், உடம்புக்குள்ள கரைஞ்சி கரைஞ்சி மருந்தை விடும். அது ஸ்பிரே வழியில இல்ல, எண்ணெய்த் துளியா தண்ணிக்குள்ள கலக்கிக் காய வச்ச வழி, ஆனா துளி இறுகி மணியாகிற கணக்கு ஒண்டுதான். இதுகளுக்கெல்லாம் மணியள் கொஞ்சம் முன்னப்பின்ன இரிந்தாலும் பரவாயில்ல. பெரியம்மாவும் வால் வந்த ஈட்டை எறியல்ல, பாகில போட்டு லட்டா உருட்டினாப் பிறகு நானே அதைத்தான் ரெண்டு திண்டன், ஒரு வித்தியாசமும் தெரியல்ல.

முன்னப்பின்ன இரிக்கவே கூடாத ஒரு ஆள் இரிக்கு, அளவெடுக்கிறவன். தூசி எண்ணுற கருவி, நுணுக்குக்காட்டி, இரத்தக் கலம் எண்ணுற மெசின் எல்லாத்துக்கும் அளவுகோல் வேணும், அளவுகோல் எண்டா விட்டம் தெரிஞ்ச ஒரே மாதிரி மணி. சின்ன மணியள் லேசு, ஆனா 10 மைக்ரோனுக்கு வளர்க்கப் போனா பூமியில மணி ஒண்டில் மிதக்கும் ஒண்டில் அடியில தங்கும், கலக்கினா ஒட்டிக்கொள்ளும். அதுக்காக 1980களின்ட தொடக்கத்தில நாசா ஷட்டில்ல ஏத்தி ஈர்ப்பு இல்லாத இடத்தில பொலிஸ்டைரீன் மணி வளர்த்தாங்க, லீஹை பல்கலைக்கழகத்து ஜோன் வாண்டர்ஹோஃப் அதுக்குப் பொறுப்பு, 1985இல அமெரிக்க அளவீட்டு நிறுவனம் அந்த 10 மைக்ரோன் மணியளை விற்பனைக்கு விட்டது. விண்வெளியில செய்து பூமியில வித்த முதல் சாமான் அதுதான். அதுக்கு முதலே நோர்வேயில ஊகெல்ஸ்டாட் எண்டவர் மணியைப் படிப்படியா ஊத வச்சி வளர்க்கிற வழியைக் கண்டுபுடிச்சி ஒரே அளவு மணியள் பூமியிலேயே செய்து காட்டிட்டார். ரொக்கட்டில ஏத்தினவங்களுக்குக் கொஞ்சம் கடுப்பாத்தான் இரிந்திருக்கும்.

அந்த மணியளைப் பாவிக்கக்குள்ள திரும்பவும் துளிதான். தூசிக் கருவியச் சரிபாக்க மணியளைத் தண்ணியில கலந்து நெபுலைசரால அடிச்சி, தண்ணியக் காய வச்சி, தனி மணியாக் கருவிக்குள்ள விடோணும். ஒரு துளிக்குள்ள ரெண்டு மணி மாட்டிட்டா காயக்குள்ள ரெண்டும் ஒட்டிக்கும், மெசின் அதை 1.26 மடங்கு பெரிய ஒரு மணி மாதிரி எண்ணி வரைபடத்தில பக்கத்தில ஒரு குட்டி மலை காட்டும். அதைத் தவிர்க்க கரைசலை அவ்வளவு ஐதாக்குவாங்க, பறக்கிற துளியள்ல முக்காலுக்கு மேல உள்ளுக்கு ஒண்டுமே இரிக்காது, வெறுந் தண்ணி. அந்த வெறுந் துளியும் சும்மா காஞ்சி போகாது, தண்ணியில கரைஞ்சி கிடந்த சவர்க்காரமும் உப்பும் சேந்து இன்னொரு பொடி உருண்டையா மிஞ்சும், அதையும் மெசின் எண்ணும். அதாலதான் நல்ல ஆய்வுகூடங்கள்ல முதல்ல மணி போடாம வெறுந் தண்ணிய மட்டும் அடிச்சி, அந்த உருண்டையளை எண்ணிக் கழிச்சிட்டுத்தான் வேலையத் தொடங்குவாங்க.